ஏழாம் நம்பர் மனையில் நான் குடியிருக்கிறேனாம்

பேர்லேண்ட்
12 ஜனவரி 2025

தம்பி கிட்டுசாமிக்கு அக்கா நாகமணி எழுதறது. நான் இருக்கேன். மாடிப்படி ஏறும்போது மட்டும் முட்டி ரெண்டும் பேசுது. நீயும் பவளமும் சுகமாத்தான் இருப்பீங்க, இல்லைன்னா இதுக்குள்ள சேதி வந்திருக்கும்.

நீ ரெண்டு தடவை போன் பண்ணினதா வான்மதி சொன்னா. நான்தான் எடுக்கலை. மக வீட்டுல இருக்கேன்னு நெனச்ச நேரத்துக்குக் கூப்பிட்டுப் பேசிட்டு, மறுநாள் நான் அப்படிச் சொல்லவேயில்லையேன்னு சாதிக்கறவன் நீ. இனி எதுவா இருந்தாலும் எழுது. எழுத்து எங்கயும் போகாது. அஞ்சாவதோட என்னை நிறுத்திட்டு உன்னைப் படிக்க வச்சாங்க. அந்த அஞ்சாவது எழுத்து எனக்கு இதுக்குப் போதும்.

விசயம் இதுதான். தீபாவளிக்கு உன் மகன் மதன் இங்க வந்தான். ஆபீஸ் வேலையா ஹூஸ்டன் வந்தேன் அத்தைன்னான். ஒரு சேலை, ஒரு பெட்டி மைசூர்பாகு. பொறந்த வீட்டுச் சீருங்கறான். அம்மா செத்து முப்பத்துமூணு வருசமா வராத சீரு அன்னிக்குத்தான் வழி கண்டுபிடிச்சு வந்துச்சு. சேலை கழனித்தண்ணி நிறம். சாப்பிட்டுக் கையைத் தொடைச்சதும் நாலு காயிதத்தை எடுத்து வச்சான். பெரியவங்களுக்கு கவர்மெண்டுல ஏதோ சலுகையாம். வான்மதி ஆபீஸ் போயிருந்தா. மருமகனாச்சேன்னு நான் போட்டுக் குடுத்தேன்.

ரெண்டரை மாசமா யோசிக்கறேன். எனக்குச் சலுகை வாங்கித் தர்றவன் எனக்கே எதுக்குச் சேலை வாங்கியாரணும்? நான் எதுல கையெழுத்துப் போட்டேன்? மறைக்காம எழுது.

நாகமணி


மில்பிடாஸ்
2 பிப்ரவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு, தம்பி கிட்டுசாமி வணக்கம் சொல்லி எழுதறது. நாங்க எல்லாரும் நலமுங்க. பவளத்துக்குச் சர்க்கரை கொஞ்சம் ஏறியிருக்குது. நான் தினமும் காலையில பார்க்குல நம்மூர்ப் பெரியவங்களோட நடக்கறேன். உங்க முட்டியைப் பத்திக் கேட்டு மனசுக்குக் கஷ்டமாப் போச்சுங்க. டெக்சாஸ் வந்து உங்களைப் பார்க்கணும்னு எத்தனையோ நாளா ஆசை. முதுகு வலிக்கு பிளேன்ல உக்காரவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாருங்க.

அந்தக் காயிதம் ஒண்ணும் பயப்படறதுக்கில்லை. உங்க பக்கத்துல ஒரு கவுண்டியில, நம்ம ஜில்லா மாதிரி வச்சுக்கங்க, வெள்ளம் வந்து காலியான மனையெல்லாம் கவுண்டிக்கே சொந்தமா சும்மா கெடக்குது. சொந்த வீடு இல்லாதவங்களுக்கு ஆளுக்கொண்ணு இனாமாத் தர்றாங்க. அதுல வீடு வச்சு ஆறு மாசம் குடியிருந்தா பட்டா. மதனும் அவன் சிநேகிதன் நவநீத்தும் நம்ம பெரியவங்க பதினோரு பேர் பேருக்கு எழுதிப் போட்டிருக்காங்க. எங்ககூட நடக்கற பசுபதி சார் பேரும் இருக்குதுங்க. உங்களுக்கு ஏழாம் நம்பர். நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம், பட்டா வந்ததும் விக்கறது கிக்கறது எல்லாம் மதன் பார்த்துக்குவான்.

வான்மதி கிட்டச் சொல்ல வேண்டாம். மாப்பிள்ளை டாக்ஸ் அது இதுன்னு குழப்பிக்குவார். உடம்பைப் பார்த்துக்கங்க.

உங்கள் தம்பி
கிட்டுசாமி


பேர்லேண்ட்
20 பிப்ரவரி 2025

தம்பிக்கு. முட்டி அப்படியேதான் இருக்கு. நீ கஷ்டப்பட்டும் கொறையலை.

பத்து வயசு வரைக்கும் என்னை நீ, வா, போன்னு பேசினவன் கடுதாசி பூராவும் நீங்க, வாங்கங்கறே. காரியம் பெருசுதான் போல.

குடியிருந்தாத்தான் பட்டான்னு நீயே எழுதியிருக்கே. நான் வான்மதி வீட்டு மாடியில இருக்கேன். என் பல்செட் இங்க இருக்கு, என் மாத்திரை இங்க இருக்கு. அங்க குடியிருக்கறது யாரு? மில்பிடாஸ்ல மகன் வீட்டுச் சோத்தைத் தின்னுட்டுக் காலையில நடக்கற பசுபதி சார் எப்படி டெக்சாஸ்ல குடியிருக்கார்? அத்தனை தூரம் நடந்தா வர்றார்?

இன்னொண்ணு கேக்கறேன். எனக்கு முட்டி தேய்க்க வாரம் மூணு நாள் வர்ற மாரிசோலைப் பத்திப் போன வருசமே போன்ல உன்கிட்டச் சொன்னேன். வெள்ளத்துல வீட்டைப் பறிகுடுத்துட்டு ரெண்டு பிள்ளைகளோட தங்கச்சி வீட்டுக் கராஜ்ல கெடக்கறா, கவுண்டி மனைக்கு எழுதிப் போட்டுட்டுக் காத்திருக்கான்னு. அவ ஒண்ணும் தங்கமான மனுசி இல்லை. காலை மரக்கட்டை மாதிரி அழுத்துவா, வாய் ஓயாம பாடுவா. ஆனாலும் கேக்கறேன். அவ காத்திருக்கற இடமும் நீ சும்மா கெடக்குதுங்கற இடமும் ஒண்ணா?

பவளம் சர்க்கரையைக் கொறைக்கட்டும். மைசூர்பாகை ஊருக்கு அனுப்பினா மட்டும் போதாது.

நாகமணி


மில்பிடாஸ்
29 மார்ச் 2025

அன்புள்ள அக்காவுக்கு, நலமுங்க. நீங்களும் நலமா இருக்கணும்னு மாரியம்மனை வேண்டிக்கறேன். பதில் எழுத அஞ்சு வாரம் ஆயிடுச்சு, கோவிச்சுக்காதீங்க. இங்க ஒரே மழை. பவளம் சுண்டக்கா வத்தல் ஒரு பொட்டலம் அனுப்பியிருக்கா. ஊர்ல இருந்து வந்த வத்தல், நல்லா இருக்கும்.

ஏப்ரல் கடைசியில மதன் வருவான். ஒரே ஒரு கையெழுத்துதான் பாக்கி. நான் ஆறு மாசமா இங்க குடியிருக்கேன்னு ஒரு வரி. பக்கத்துல ஒருத்தர் நின்னு சாட்சி முத்திரை குத்துவார். நடுவுல ஆபீஸ்ல இருந்து யாராவது போன் பண்ணினா, எஸ், லிவிங் தேர்னு மட்டும் சொல்லிடுங்க. வேற எதுவும் பேச வேண்டாம்.

வத்தலை வெயில்ல ஒரு தடவை காட்டிட்டு வறுங்க.

உங்கள் தம்பி
கிட்டுசாமி


பேர்லேண்ட்
8 ஏப்ரல் 2025

கிட்டுசாமிக்கு.

வத்தல் வந்துச்சு. புழுவும் கூடவே வந்துச்சு. நான் கேட்டதுக்கு மட்டும் பதில் வரலை.

அதைவிட முக்கியமானது ஒண்ணு வந்திருக்கு. கவுண்டி ஆபீஸ் கடுதாசி. ஏழாம் மனைக்கு அனுப்பினாங்களாம், அங்க போஸ்ட் பெட்டியே இல்லைன்னு திரும்பிப் போச்சாம். பொறகு என் கிரீன் கார்டு விலாசத்தைத் தேடிப்பிடிச்சு இங்க அனுப்பியிருக்காங்க. பிரிச்சது வான்மதி. படிச்சிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தா. "அம்மா, நீ நவம்பர்ல இருந்து வேற வீட்டுல குடியிருக்கியாம். எனக்குச் சொல்லவேயில்லை"ன்னா. மாப்பிள்ளை ரெண்டு நாளா என்கூடப் பேசலை. எனக்கு சிட்டிசன்ஷிப்புக்கு அவர்தான் எழுதிப் போட்டிருக்கார். பொய்க் கையெழுத்து இருக்குன்னா அது போச்சாம், என்னையும் அனுப்பிடுவாங்களாம். மே பதினாலாம் தேதி நேர்ல வந்து சொல்லணுமாம்.

கடுதாசியோட ஒரு படம். நான் குடியிருக்கறதுக்கு அத்தாட்சின்னு உன் மகன் குடுத்தது. சக்கரம் வச்ச ஒரு பலகை வீடு. வீடா அது? நம்மூர்ல கோழிக்கு இதைவிட நல்லாக் கட்டுவோம். உள்ள ஒரு அடுப்பு. அடுப்புல பால் பொங்குது. மஞ்சள், குங்குமம், வாழைப்பழம் எல்லாம் வச்சிருக்கு. கரண்டி புடிச்ச கை ஒண்ணு தெரியுது. அந்தக் கையில சுண்டுவிரல் பாதிதான் இருக்கு.

எட்டு வயசுல சோளத்தட்டு வெட்டறேன்னு போய் நீ அந்த விரலை வெட்டிக்கிட்டப்ப என் தாவணியைக் கிழிச்சுக் கட்டினது நான். அந்த விரல் எனக்குத் தெரியாதா? படத்து மூலையில டிசம்பர் பதினாலுன்னு போட்டிருக்கு. பிளேன்ல உக்கார முடியாத முதுகு டிசம்பர்ல டெக்சாஸ் வந்திருக்கு. நாப்பது நிமிசம் கார் ஓட்டினா என் வீடு. முட்டி போன அக்காளை எட்டிப் பார்க்காம கோழிக்கூட்டுல பால் காய்ச்சிட்டுப் போயிருக்கே.

இதெல்லாம்கூடப் போகட்டும். பால் பொங்கற பாத்திரம் எதுடா?

வான்மதி படத்தைப் பெருசு பண்ணிக் காட்டினா. விளிம்புக்குக் கீழ புள்ளி புள்ளியா செல்லாத்தாள்னு வெட்டியிருக்கு. அம்மாளோட பித்தளைக் குண்டா. நாகமணிக்குன்னு அம்மா வாயால சொன்ன குண்டா. பதிமூணாம் நாள் காரியம் முடிஞ்சு நான் கேட்டப்ப, பழைய பாத்திரக்காரன்கிட்டப் போயிடுச்சு அக்கா, பவளம் தெரியாம போட்டுட்டாள்னு நீ சொன்னே. பச்சைக்கரைத் துண்டு போட்டிருந்தே. கொட்டாய்ப் பக்கம் பார்த்துக்கிட்டே சொன்னே. முப்பத்துமூணு வருசமா அவ கையால ஒரு டம்ளர் தண்ணி வாங்கிக் குடிக்காம இருக்கேன்.

பதில் எழுது. இந்தத் தடவை மாரியம்மனை நடுவுல இழுக்காதே.

நாகமணி


மில்பிடாஸ்
13 ஏப்ரல் 2025

அக்காவுக்கு,

கடுதாசி கெடச்ச உடனே எழுதறேன். குண்டா எங்ககிட்டத்தான் இருக்குது. இங்க வரும்போது பெட்டியில வந்துச்சு. தனியா கூரியர்ல அனுப்பிட்டேன்.

மதன் பால் வேண்டாம்னுதான் சொன்னானுங்க. வீட்டைக் கொண்டாந்து நிறுத்தி, ஒரு கட்டிலைப் போட்டு, படம் புடிச்சுட்டு, வண்டியில இழுத்து அடுத்த மனைக்குப் போயிடலாம்னான். எனக்குத்தான் மனசு ஒப்பலை. பொய்யோ மெய்யோ, வீடுன்னு ஒண்ணு நிக்குதில்ல. பால் காய்ச்சாம எப்படிக் கால் வைக்கறது? நம்ம அப்பன் மாட்டுச்சாளைக்குக்கூட பால் காய்ச்சினவர். ரெண்டு நாள்ல பதினோரு மனையிலயும் நான்தான் காய்ச்சினேன். அதைப் பார்த்துட்டு, இதுதான் ஆளுங்க குடி வந்ததுக்கு நல்ல அத்தாட்சின்னு மதனே எல்லாத்தையும் படம் புடிச்சு அனுப்பிட்டான்.

அந்தக் கையெழுத்தை மட்டும் போட்டுடுங்க. நீங்க ஒருத்தர் இல்லைன்னு சொன்னா பத்துப் பேர் படத்தையும் எடுத்துப் பார்ப்பாங்க. மதனுக்கு ஜெயில்னு நவநீத் சொல்றான். உங்க மருமகன் அக்கா. உங்க காலைப் புடிச்சுக் கேக்கறேன்.

கிட்டுசாமி


பேர்லேண்ட்
30 ஏப்ரல் 2025

கிட்டுசாமிக்கு.

குண்டா வந்துச்சு. புளி போட்டு விளக்கினேன். அடியில பால் தீஞ்ச கருப்பு இன்னும் போகலை. அம்மா உசிரோட இருந்தவரைக்கும் அதுல பால் தீஞ்சதில்லை.

திருட்டுக்கும் பால் காய்ச்சின ஒரே ஆள் இந்த தேசத்துல நீயாத்தான் இருப்பே. பதினோரு வீடு, பதினோரு குடும்பம், ஒரே குண்டா. அந்த ஆபீஸ்காரங்களுக்குத் தமிழ் படிக்கத் தெரியாதுன்னு நெனச்சே. கண்ணும் தெரியாதுன்னு நெனச்சியா?

நேத்து நான் குடியிருக்கற இடத்தைப் பார்த்துட்டு வந்தேன். மாரிசோல் கார்லதான் போனேன். இங்க கார் இல்லாம வாசலைத் தாண்ட முடியாது, வான்மதிக்கோ லீவு இல்லை. எங்க போறோம்னு நான் அவகிட்டச் சொல்லலை, விலாசத்தை மட்டும் குடுத்தேன். இடுப்பு உயரம் புல்லு. நடுவுல ஒரு குச்சி, குச்சியில ஏழு. புல்லுக்குள்ள சக்கரத் தடம் ஏழுல இருந்து எட்டுக்குப் போகுது, எட்டுல இருந்து ஒம்போதுக்குப் போகுது.

மாரிசோல் காரை நிறுத்திட்டு இறங்கவேயில்லை. அவ பாட்டு நின்னு போச்சு. இந்த இடம் தெரியும்னா. இந்தத் தெருவுலதான் அவ வீடு இருந்துச்சாம். எழுதிப் போட்டவளுக்கு மனையெல்லாம் தீர்ந்து போச்சு, குடி வந்துட்டாங்கன்னு ஜனவரியில பதில் வந்துச்சாம். குடி வந்தவங்களைக் காணோமேன்னு அப்பப்ப வந்து பார்த்துட்டுப் போவாளாம். "இது யாரோடது அம்மா?"ன்னு கேட்டா. எனக்குத் தெரிஞ்ச இங்கிலீசுல மைன், என்னோடதுன்னு சொன்னேன். அவ சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. இன்னிக்கு வந்து வழக்கம்போல முட்டியைத் தேய்ச்சுட்டுப் போனா. அழுத்தவேயில்லை.

அவ காத்திருந்ததும் நீ எடுத்ததும் ஒரே இடம்தான்னு எனக்கே தெரிஞ்சு போச்சு. இப்ப வேற ஒண்ணு கேக்கறேன். மில்பிடாஸ்ல இருக்கற உங்களுக்கு இந்தக் கவுண்டியில இனாம் மனை இருக்கறது எப்படித் தெரிஞ்சுது?

மதனை இங்க அனுப்பாதே. கையெழுத்துப் போட மாட்டேன். பதினாலாம் தேதி நேர்ல போறேன்.

நாகமணி


மில்பிடாஸ்
6 மே 2025

நாகமணி நங்கைக்கு பவளம் எழுதறது. உங்களுக்கு எப்படி இருக்குன்னு கேக்க மாட்டேன், கேட்டா நடிக்கறாள்னு சொல்லுவீங்க. எனக்குச் சர்க்கரை முந்நூறு.

உங்க தம்பி சாப்பிடறதில்லை. நீங்க எழுதினது எல்லாத்தையும் இப்பத்தான் என்கிட்டக் குடுத்தார். படிச்சேன். பழைய பாத்திரக்காரன் கதை எனக்கே புதுசு. நான் குண்டாவைப் போடவும் இல்லை, ஒளிக்கவும் இல்லை. உங்கம்மா நாலு வருசம் படுத்த படுக்கையா கெடந்தாங்க. தூக்கி உக்கார வச்சது, துணி மாத்தினது, கழுவினது எல்லாம் நான். நீங்க பதிமூணு நாளைக்கு வந்தீங்க. சாகறதுக்கு முன்ன, இது உனக்குன்னு என் கையில குடுத்தாங்க. உங்களுக்கும் எப்பவோ சொல்லியிருக்கலாம், வயசானவங்க. அதை உங்ககிட்ட நேராச் சொல்ல அவருக்குப் பயம். அதனால என் தலையில போட்டிருக்கார்.

முப்பத்துமூணு வருசம் நீங்க என் கையால தண்ணி குடிக்காதது எதுக்குன்னு இப்பத்தான் எனக்குத் தெரியும்.

குண்டா உங்ககிட்ட வந்தாச்சு. என் மகனை விட்டுடுங்க.

பவளம்


பேர்லேண்ட்
20 மே 2025

கிட்டுசாமிக்கு அக்கா எழுதறது. இதைப் பவளத்துக்கும் படிச்சுக் காட்டு. இந்தத் தடவை ஒளிக்காதே.

பதினாலாம் தேதி போனேன். வான்மதி லீவு போட்டுட்டு வந்தா. கண்ணாடி போட்ட ஒரு அம்மா, என்னைவிடப் பத்து வயசு சின்னவளா இருப்பா. மேசை மேல பதினோரு படத்தையும் வரிசையா வச்சிருந்தா. அவங்களுக்கு முன்னமே சந்தேகம். பதினோரு வீட்டுலயும் ஒரே பாத்திரம், ஒரே பாதி விரல். நான் பையில இருந்து குண்டாவை எடுத்து படத்துக்குப் பக்கத்துல வச்சேன். நான் அங்க ஒரு நாளும் குடியிருக்கலை, இது என் அம்மா பாத்திரம், இதுல இருக்கறது அவ பேருன்னு சொன்னேன். கையெழுத்து என்னோடதுதான், படிக்காமப் போட்டது என் புத்தி கெட்டதனம்னும் சொன்னேன். வான்மதி அதை இங்கிலீசுல எப்படிச் சொன்னான்னு தெரியலை, ரொம்ப நேரம் சொன்னா. உள்ளதைச் சொன்னதால எனக்கு ஒண்ணும் வராதுன்னு நெனைக்கறாங்களாம். நெனைக்கறாங்க, அவ்வளவுதான்.

குண்டாவை அங்கயே வச்சுக்கிட்டாங்க. கேஸ் முடிஞ்சு திருப்பித் தர்றதுக்கு ஒரு சீட்டுக் குடுத்தாங்க. யார் பேருக்குன்னு கேட்டாங்க. பவளம்னு எழுதச் சொன்னேன். சீட்டை இதோட வச்சிருக்கேன். நாலு வருசம் கழுவினவளுக்கு அது சேரட்டும். பவளம், நான் உன்னைப் பேசினதெல்லாம் இவன் மேல போய்ச் சேரட்டும். இருக்கறவரைக்கும் இவனைச் சும்மா விட மாட்டேன்.

கிட்டு, இதைக் கவனமாப் படி. அந்த விரல் யாருதுன்னு அந்த அம்மா கேட்டா. எனக்கு முட்டி வலிக்குது, இன்னிக்குப் போதும்னேன். ஜூன் பத்தாம் தேதி திரும்ப வரச் சொல்லியிருக்கா. உன் கடுதாசி மூணும் என் தலகாணிக்கு அடியில இருக்கு. இந்தக் காலத்துல ஒருத்தன் இத்தனையையும் தன் கையால எழுதி அனுப்பியிருப்பான்னு அவங்களுக்குத் தோணலை, அதனால இன்னும் கேக்கலை. கேட்டா குடுப்பேன். நான் பொய் சொல்ல மாட்டேன். அன்னிக்கு ஒரு நாள் முட்டி வலின்னேன், அது பொய்யில்லை.

பத்தாம் தேதிக்கு முன்ன நீயாப் போய்ச் சொல்லிடு. அப்புறம் நான் கேட்ட கடைசிக் கேள்வி பாக்கி இருக்கு.

நாகமணி


மில்பிடாஸ்
7 ஜூன் 2025

அக்கா,

போயிட்டு வந்துட்டேன், உன் வாசலுக்கு வரத்தான் மூஞ்சி இல்லை. வக்கீல் ஒருத்தரைக் கூட்டிட்டுப் போனேன். என் விரலைக் காட்டினேன். பதினோரு பேரையும் பேசிப் பேசிச் சேர்த்தது நான்னு சொன்னேன். பசுபதி சார் இப்ப பார்க்குக்கு வர்றதில்லை, வந்தாலும் அந்தப் பக்கமா நடக்கறார். மதனும் நவநீத்தும் ஒத்துக்கிட்டாங்க. மனை பதினொண்ணும் கவுண்டிக்கே திரும்பிடும். எங்களுக்கு என்ன தண்டனைன்னு இன்னும் சொல்லலை. கலிபோர்னியாவை விட்டு எங்கயும் போகக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. மதன் என்கூடப் பேசறதில்லை. பவளம் பேசறா, பேசாம இருந்தாத் தேவலை.

நீ கேட்டதுக்குப் பதில் எழுதறேன். அந்த இடம் இருக்கறதே எனக்குத் தெரியாது. போன வருசம் மாரிசோலைப் பத்தி போன்ல நீ சொன்னியே, வீடில்லாதவங்களுக்கு இனாமா மனை தர்றாங்கன்னு. போனை வச்சதும் நான்தான் மதனைக் கூப்பிட்டேன். அவன் கூட முதல்ல வேண்டாம்னான்.

உன் முட்டி எப்படி இருக்கு அக்கா?

கிட்டு


பேர்லேண்ட்
16 ஜூன் 2025

கிட்டுவுக்கு.

தெரியும். மாரிசோல் காருக்குள்ள உக்கார்ந்திருந்தாளே, அப்பவே தெரிஞ்சு போச்சு. உன் கையெழுத்துல வரட்டும்னுதான் கேட்டேன். அவகிட்ட நானே சொல்லிட்டேன், இடத்தைக் காட்டிக் குடுத்தது என் வாய்தான்னு. வரிசையில அவ நாலாவது ஆளாம். பதினோரு மனை திரும்பியிருக்கு, எனக்கே கணக்கு வருது.

முட்டி நல்லா வலிக்குது. மறுபடி அழுத்தித் தேய்க்க ஆரம்பிச்சுட்டா.

நாகமணி